முதல் டைனோசர் எலும்பை எடுத்தது யார்?

கேள்வி இதுதான்: டைனோசர் எலும்பை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார்? ஒரு புத்தகத்தில் மேரி ஆனிங் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ஒரு டாக்டரின் மனைவி என்று இருக்கிறது, வீடியோக்களில் ரிச்சர்ட் ஓவன் என்கிறார்கள். எதை நம்புவது?

மூன்றையும் நம்ப வேண்டாம். மேரி ஆனிங் பேர்பெற்றது டைனோசர்களால் அல்ல. டாக்டர் மனைவியின் கதைக்கு ஆதாரம் போதாது. ஓவன், மற்றவர்கள் எடுத்த எலும்புகளைப் பார்த்துப் பெயர் வைத்தவர். உண்மையில் எடுத்தவர்கள் குவாரித் தொழிலாளிகள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. தொடக்க காலத்தில் டைனோசருக்காக யாரும் மண்ணைத் தோண்டவில்லை. கூரைக்குக் கல்பலகை, சாலைக்கு ஜல்லி, வயலுக்கு உரம், உலைக்கு நிலக்கரி என்று எதற்கோ தோண்டினார்கள். போகிற போக்கில் எலும்பு வந்தது. காசு கொடுத்து வாங்க ஆள் இருந்த ஊரில் அது அலமாரிக்குப் போனது. இல்லாத ஊரில் ஜல்லியோடு ஜல்லியாக ரோட்டுக்குப் போனது. எலும்புக்காகவே ஆள் வைத்துத் தோண்டும் காலம் 1870-களில் அமெரிக்காவில்தான் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படத்தோடு பதிவான முதல் டைனோசர் எலும்பு 1677-ஐச் சேர்ந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் கார்ன்வெல் என்ற ஊரின் குவாரியில் கிடைத்த ஒரு கனத்த துண்டு, எடை சுமார் 9 கிலோ. அந்த வட்டாரத்தின் இயற்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் ப்ளாட் கைக்கு அது வந்து சேர்ந்தது. ப்ளாட் அவசரக்காரர் இல்லை. தொடை எலும்பின் கீழ்முனை என்று சரியாகவே கண்டுபிடித்தார். மாட்டுக்கோ குதிரைக்கோ இத்தனை பெரிய தொடை கிடையாது. ரோமானியர்கள் கொண்டுவந்த யானையாக இருக்குமோ என்று யோசித்தார். 1676-ல் ஆக்ஸ்போர்டுக்கு ஒரு யானை வேடிக்கை காட்ட வந்திருந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார், ஒத்துவரவில்லை. கடைசியில் பழங்காலத்து ராட்சத மனிதன் ஒருவனின் தொடை என்று எழுதி முடித்துவிட்டார்.

அந்த எலும்பு பிற்பாடு காணாமல் போய்விட்டது. படம் துல்லியமாக இருப்பதால்தான் அது மெகலோசாரஸ் போன்ற ஒரு டைனோசரின் தொடை என்று இன்று சொல்ல முடிகிறது. 1763-ல் ரிச்சர்ட் புரூக்ஸ் என்பவர் அதே படத்தை எடுத்துப் போட்டு, அதன் உருவத்தைப் பார்த்து 'மனித விதைப்பை' என்று லத்தீனில் தலைப்பும் கொடுத்தார். முதலில் வைத்த பெயரே நிற்க வேண்டும் என்ற விலங்கியல் விதியைக் காட்டி, டைனோசரின் முதல் அறிவியல் பெயர் இதுதான் என்று 20-ம் நூற்றாண்டில் வாதாடிப் பார்த்தவர்களும் உண்டு. நல்லவேளை, எடுபடவில்லை.

ப்ளாட்டைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கடவுள் படைத்த ஓர் உயிரினம் பூண்டோடு அழிந்து போகும் என்ற எண்ணமே அன்றைய ஐரோப்பாவில் வேரூன்றவில்லை. 1796-ல் பாரிஸில் ஜார்ஜ் குவியே என்ற உடற்கூறு அறிஞர், மாமூத் எலும்புகளை இன்றைய யானைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டு, இது இப்போது உலகில் எங்குமே இல்லாத விலங்கு என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் ஒரு விசித்திரமான எலும்பைப் பார்த்தவர்கள், இருக்கிற விலங்குகளில் எது என்று மட்டும் தேடாமல், இல்லாமல் போன விலங்காகவும் இருக்கலாமே என்று கேட்கத் தொடங்கினார்கள். எலும்பு 120 வருடம் முன்பே கையில் இருந்தது. கேள்விதான் இல்லை.

இனி ஸ்டோன்ஸ்ஃபீல்டுக்கு வருவோம். டைனோசர் வரலாற்றில் நான் ஒரே ஒரு ஊரை நேரில் பார்க்கலாம் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆக்ஸ்போர்டுக்கு வடமேற்கே உள்ள சிறு கிராமம். அந்தக் காலத்தில் அங்கே குறுகலான குழிகள் வழியாகப் பூமிக்கு அடியில் இறங்கி ஒருவகைச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுப்பார்கள். வீடுகளுக்கும் கல்லூரிகளுக்கும் கூரை வேய அந்தக் கல்லைப் பலகை பலகையாகப் பிரிக்க வேண்டும். உளி வைத்துப் பிளப்பதில்லை. ஈரம் காயாமல் வைத்திருந்து, பனிக்காலத்தில் வெளியே பரப்பிவிடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் ஈரம் இரவில் உறைந்து விரியும்போது கல் தானாக அடுக்கடுக்காகப் பிரியும். உறைபனி விழும் அறிகுறி தெரிந்தால் நடுராத்திரியில் சர்ச் மணியை அடித்து ஊரை எழுப்புவார்களாம், கல்லைத் திறந்துபோட. குளிர் போதாத வருடம் தொழில் படுத்துவிடும்.

இப்படிப் பிரியும் பலகைகளுக்கு நடுவேதான் பற்களும் எலும்புகளும் தலைகாட்டின. உடைத்துப் பிளந்திருந்தால் பாதி நொறுங்கியிருக்கும்; பனி பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தது. பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருந்ததால் வாங்கவும் ஆள் இருந்தது. 1797-ல் கிறிஸ்டோபர் பெக் என்ற உடற்கூறு விரிவுரையாளர் ஒரு கீழ்த்தாடைத் துண்டைப் பத்தரை ஷில்லிங் கொடுத்து வாங்கி, கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் வைத்தார். உலகில் முதலில் பெயர் பெற்ற டைனோசரின் தாடை அதுதான். அதை விற்ற தொழிலாளியின் பெயரை நானும் எங்கும் பார்த்ததில்லை.

அந்தத் தாடையும் வேறு சில எலும்புகளும் வில்லியம் பக்லாண்டின் பொறுப்புக்கு வந்தன. ஆக்ஸ்போர்டில் நிலவியல் கற்பித்த பாதிரியார். வீட்டில் கழுதைப்புலி வளர்த்தவர். விலங்கினங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தின்று பார்ப்பது என்று கிளம்பியவர். அகழெலியும் நீல ஈயும்தான் வாயில் வைக்கச் சகிக்காதவை என்பது அவர் தீர்ப்பு. 1818-ல் குவியே ஆக்ஸ்போர்டுக்கு வந்து எலும்புகளைப் பார்த்து, பல்லி இனத்தைச் சேர்ந்த ஒரு பெரும் விலங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பக்லாண்ட் அதற்குப் பிறகும் ஆறு வருடம் இழுத்தடித்தார். தாடையில் முக்கியமான செய்தி பற்கள்தான்: கத்தி போல் வளைந்து, விளிம்பில் ரம்பப் பல் ஓடுகிறது, பழைய பல்லுக்கு உள்பக்கம் புதுப்பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பல் மாற்றிக்கொண்டே இருப்பது ஊர்வனவற்றின் குணம். எலும்புகளைப் படம் வரைந்தவர் மேரி மார்லண்ட். அடுத்த வருடம் பக்லாண்டை மணந்தார்.

1824 பிப்ரவரி 20 அன்று லண்டன் நிலவியல் சங்கக் கூட்டத்தில் மெகலோசாரஸ் என்ற பெயரில் அந்த விலங்கு அறிமுகமானது. நீளம் 40 அடிக்கு மேல் என்று பக்லாண்ட் மதிப்பிட்டார். இன்றைய கணக்கில் 20-லிருந்து 30 அடிக்குள். அதே மாலையில் அதே மேடையில் வில்லியம் கோனிபியர் என்ற நிலவியலாளர் இன்னொரு அதிசயத்தைப் பற்றிப் பேசினார்: பாம்புக் கழுத்து கொண்ட ப்ளீசியோசாரஸின் முழு எலும்புக்கூடு. அது லைம் ரீஜிஸ் என்ற தென் இங்கிலாந்துக் கடற்கரை ஊரிலிருந்து கப்பலில் வந்து, வழியில் தாமதமாகி, கடைசியில் சங்கத்தின் மாடிப்படியில் ஏற்ற முடியாமல் கீழே நடையிலேயே கிடந்தது. அதைக் கண்டெடுத்தவர் பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை. அவர்தான் மேரி ஆனிங்.

ஆகவே மேரி ஆனிங்கைப் பற்றி. 1799-ல் பிறந்தவர். அப்பா தச்சர்; கடற்கரைப் பாறைகளில் கிடைக்கும் சங்கு, சுருள் கற்களைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்பதும் உண்டு. 1810-ல் கடனை வைத்துவிட்டு இறந்துபோனார். மறு வருடம் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். அதற்கடுத்த வருடம் மேரி மீதி உடலைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான். இக்தியோசாரஸ் என்று பின்னால் பெயர் பெற்ற அதை அந்த ஊர்ப் பண்ணையார் 23 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். லைமில் கல் வெட்டிக் கொடுத்தது கடல். மாரிக்காலப் புயல் பாறைச் சரிவை அரித்துச் சரித்துவிடும். அடுத்த அலை கொண்டுபோவதற்குள் போய் எடுக்க வேண்டும். அப்படி ஒரு சரிவில்தான் 1833-ல் கூடவே சுற்றும் அவர் நாய் ட்ரே அவர் கண்ணெதிரே புதைந்து செத்தது. சில அடி தள்ளி நின்றதால் அவர் பிழைத்தார்.

அவர் கண்டெடுத்தவற்றில் பெரியவை இக்தியோசாரஸ், ப்ளீசியோசாரஸ், 1828-ல் ஒரு பறக்கும் ஊர்வன. மூன்றும் டைனோசர் காலத்தவை, ஆனால் மூன்றுமே டைனோசர் அல்ல. லைமின் பாறை பழைய கடலடிச் சேறு. தரையில் நடந்த விலங்கு அதில் கிடைப்பது அபூர்வம். அவரை முதல் டைனோசர் வேட்டைக்காரர் என்று புகழ்வது அவருக்கே நியாயம் செய்வதாகாது. செய்த வேலைக்கே புகழ் போதும். கல்லுக்குள் இருக்கும் எலும்பை அவரளவுக்கு அறிந்த ஆண்கள் அந்தச் சங்கத்தில் அதிகம் பேர் இல்லை. சங்கமோ 1919 வரை பெண்களை உறுப்பினராக்கவே இல்லை. அவர் 1847-ல் 47 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

அந்த 1824 கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து மனம் வெதும்பியிருக்கக்கூடிய ஒருவர் கிடியன் மாண்டெல். சசெக்ஸில் லூயிஸ் என்ற ஊரின் டாக்டர், செருப்புத் தைப்பவரின் மகன். பிரசவம் பார்ப்பதும் காய்ச்சல் பார்ப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு எலும்பு மேல் தீராத பித்து. கக்ஃபீல்டு அருகே ஒயிட்மன்ஸ் கிரீன் என்ற இடத்தில் சாலைக்குக் கல் உடைக்கும் குவாரி ஒன்று இருந்தது. அங்கிருந்த ஆட்களுக்குப் பணம் கொடுத்து, எலும்பு கிடைத்தால் ஜல்லியாக உடைக்காமல் தனக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அப்படி வந்தவற்றில்தான் பின்னால் இகுவானோடான் என்று பெயர் பெற்ற விலங்கின் பற்களும் இருந்தன.

மனைவி மேரி ஆன், கணவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாலையோரக் கல்குவியலில் அந்தப் பல்லைக் கண்டார் என்ற கதை மிகப் பிரபலம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்த காலத்துச் சான்று எதுவும் இல்லை. வயதான காலத்தில் மாண்டெல் பல்லைத் தானே கண்டெடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். மேரி ஆனின் உறுதியான பங்கு வேறு: கணவரின் 1822 புத்தகத்துக்கான படங்களை அவர்தான் தகட்டில் செதுக்கினார்.

பல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுச் சண்டையும் அதைப் பற்றித்தான். பழுப்பு நிறம், விரல் நீளத்துக்கு, இலை போல அகன்ற வடிவம், ஓரத்தில் பற்பற்களாக வெட்டு. மேல்நுனி சாய்வாகத் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. தேய்ந்திருக்கிறது என்றால் இந்த விலங்கு தழையை அரைத்துத் தின்றிருக்கிறது. அன்று தெரிந்த ஊர்வன எதுவும் மெல்வதில்லை. பிடிக்கும், கிழிக்கும், விழுங்கும். பாறையோ பாலூட்டிகள் பெருகுவதற்கு முந்தைய காலத்துப் பாறை என்று மாண்டெல் சொல்கிறார். மெல்லும் பல் பாலூட்டியின் பல், ஆகவே பாறையின் வயதை டாக்டர் தப்பாகக் கணித்துவிட்டார் என்பதுதான் லண்டன் பெரியவர்களின் கருத்து. பக்லாண்ட் மீனின் பல்லாக இருக்கும் என்றார். 1823-ல் நிலவியலாளர் சார்ல்ஸ் லைல் பாரிஸ் போனபோது பல்லைக் குவியேயிடம் காட்டினார். ஒரு விருந்து இரவில் பார்த்த குவியே காண்டாமிருகம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவருக்கே சந்தேகம் வந்தது. ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்தது முதல் நாள் பதில் மட்டும்தான்.

மாண்டெல் விடவில்லை. 1824-ல் திரும்பவும் பற்களை அனுப்ப, இது தாவரம் தின்னும் புதிய ஊர்வனவாக இருக்கலாம் என்று குவியே ஒப்புக்கொண்டு எழுதினார். பிறகு மாண்டெல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பொருத்தம் தேடினார். அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஸ்டச்பரி, தான் அண்மையில் பதப்படுத்திய இகுவானா என்ற அமெரிக்கப் பல்லியின் பல் இதே சாயல் என்று எடுத்துக் காட்டினார். அளவில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1825-ல் இகுவானோடான் என்ற பெயர் அச்சேறியது. இகுவானாவின் பல்லுக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் 60 அடி வந்தது. கணக்கு சரி, அடிப்படைதான் தப்பு. அது பல்லியின் உடல்வாகு கொண்ட விலங்கே அல்ல.

1834-ல் மெய்ட்ஸ்டன் குவாரியில் வெடிவைத்துப் பாறை தகர்த்தபோது ஒரே பலகையில் பல எலும்புகள் சேர்ந்து வெளிப்பட்டன. உரிமையாளர் 25 பவுண்டு கேட்டார். நண்பர்கள் சேர்ந்து வாங்கி மாண்டெல்லுக்குக் கொடுத்தார்கள். கூம்பு வடிவ எலும்பு ஒன்றை மூக்கின் மேல் கொம்பாக வைத்து அவர் படம் வரைந்தார். அந்தக் கொம்பின் கதை பின்னால் வரும். வீட்டையே அருங்காட்சியகமாக்கினார், நோயாளிகள் குறைந்தார்கள், பார்வையாளர்கள் பெருகினார்கள். 1838-ல் சேர்த்தது அத்தனையையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 4,000 பவுண்டுக்கு விற்க வேண்டியதாயிற்று. மறுவருடம் மனைவி பிரிந்துபோனார். 1841-ல் குதிரைவண்டி விபத்தில் முதுகெலும்பு பாழானது. வலிக்குச் சாப்பிட்ட அபின் 1852-ல் உயிரைக் குடித்தது. வளைந்துபோன அவர் முதுகெலும்பின் ஒரு பகுதியை எடுத்து, அதே அறுவை மருத்துவர் கல்லூரியில் புட்டியில் போட்டு வைத்தார்கள்.

இதற்கிடையில் ரிச்சர்ட் ஓவன். கூர்மையான உடற்கூறு அறிஞர். மனிதராக அவரைப் பிடித்தது என்று சொன்னவர்கள் குறைவு. மெகலோசாரஸ், இகுவானோடான், மாண்டெல் 1833-ல் பெயரிட்ட ஹைலியோசாரஸ் என்ற மூன்றையும் சேர்த்து ஒரே குழு என்று சொன்னார். ஆதாரம் இடுப்பு. ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்து, தூண் போன்ற கால்கள் உடலுக்கு நேர் கீழே நின்று பாரம் தாங்கும் அமைப்பு. பல்லி போல் கால் பரப்பி ஊர்ந்தவை அல்ல இவை. இந்த முடிவுக்கு உதவிய இகுவானோடான் இடுப்பெலும்பு வில்லியம் சால் என்ற லண்டன் ஒயின் வியாபாரியின் சொந்தச் சேகரிப்பில் இருந்தது. 1841-ல் பிளிமத்தில் ஓவன் பேசியபோதே டைனோசர் என்ற பெயரை அறிவித்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தப் பேச்சில் அந்தச் சொல் இல்லை, 1842-ல் அச்சிட்டபோதுதான் சேர்த்தார். உயிரினங்கள் மெல்ல மெல்ல உயர்ந்து வந்தன என்று அப்போதே பேசத் தொடங்கியிருந்தவர்களுக்கு ஒரு பதிலாகவும் ஓவன் இதைப் பயன்படுத்தினார்: பழைய ஊர்வன இன்றையவற்றைவிட மேம்பட்டவையாக இருந்திருக்கின்றன, பிறகு எங்கே ஏற்றம்? இகுவானோடானை 60 அடியிலிருந்து 28 அடிக்கு இறக்கினார். அளவில் அவர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம்.

1854-ல் லண்டனுக்குத் தெற்கே சிடனமில் திறந்த கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த முழு உருவச் சிலைகள் பொதுமக்களை மயக்கின. ஒரு இகுவானோடானுக்கு 600 செங்கலும் 38 பீப்பாய் சிமெண்டும் பிடித்தன. அதன் அச்சுக்குள் மேசை போட்டு 1853-ன் கடைசி இரவில் அறிஞர்களுக்கு விருந்தும் நடந்தது. மூக்கில் கொம்போடு அந்தச் சிலைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

கொம்பைப் பிடுங்கியது பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கம். 1878-ல் பெர்னிசார் என்ற ஊரில் 322 மீட்டர் ஆழத்தில் சுரங்கப் பாதை வெட்டியவர்கள் கரிக்குப் பதில் களிமண்ணில் போய் முட்டினார்கள். அதில் மரக்கட்டை போல உருளைகள்; உள்ளே தங்கம் மின்னுகிறது என்று ஒரே பரபரப்பு. மின்னியது பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம், கட்டை என்று நினைத்தது எலும்பு. முப்பதுக்கு மேற்பட்ட இகுவானோடான்கள், பல முழுசாக. காற்றுப் பட்டால் பைரைட் பொரிந்து எலும்பு பொடியாகிவிடும் என்பதால் லூயி டி பாவ் என்பவர் ஈரக் காகிதமும் பிளாஸ்டரும் பூசி, சுமார் 600 கட்டிகளாக மேலே ஏற்றினார். பிரசல்ஸில் அவற்றை ஆராய்ந்த லூயி டொலோ, அந்தக் கூம்பு மூக்குக் கொம்பு அல்ல, கட்டைவிரல் முள் என்று காட்டினார். ஓரிரு துண்டுகளை வைத்து ஊகிப்பதற்கும் முழு எலும்புக்கூட்டைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவிலும் முதலில் இதே பாணிதான். நியூ ஜெர்சியின் ஹாடன்ஃபீல்டில் ஒரு பண்ணையார் வயலுக்கு உரமாகப் போட மார்ல் என்ற சுண்ணாம்புக் களிமண்ணை வெட்டியபோது 1838-ல் பெரிய எலும்புகள் வந்தன. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். இருபது வருடம் கழித்து வில்லியம் பார்க்கர் ஃபௌல்க் என்பவர் இதைக் கேள்விப்பட்டு, மூடிப்போன அந்தக் குழியைத் தேடிக் கண்டுபிடித்து மீதியை எடுத்தார். ஜோசப் லீடி என்ற உடற்கூறு அறிஞர் அதற்கு ஹாட்ரோசாரஸ் என்று பெயரிட்டார். முன்னங்கால் குட்டை, பின்னங்கால் நெட்டை; ஆகவே நிமிர்ந்து நின்றிருக்கும் என்றார். 1868-ல் ஃபிலடெல்ஃபியாவில் அதை நிறுத்திவைத்தார்கள். உலகில் நிறுத்திவைக்கப்பட்ட முதல் டைனோசர் எலும்புக்கூடு அது.

பிறகுதான் எல்லாம் மாறியது. 1869-ல் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதை முடிந்தது. மேற்கே மரம் செடி இல்லாத வறண்ட பாறை நிலத்துக்கு ஆள் போகவும், டன் கணக்கில் எலும்பைக் கிழக்கே அனுப்பவும் வழி பிறந்தது. பணமும் வன்மமும் உள்ள இருவர் தயாராக இருந்தார்கள். ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் மார்ஷ், பெரும் பணக்காரர் ஜார்ஜ் பீபடியின் சகோதரி மகன். மற்றவர் ஃபிலடெல்ஃபியாவின் எட்வர்ட் கோப், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துச் சொத்துக்காரர், மேதை, முன்கோபி. எலாஸ்மோசாரஸ் என்ற கடல் ஊர்வனவின் தலையைக் கோப் வால் நுனியில் பொருத்தி வெளியிட்டார். அதை மார்ஷ் சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

1877-ல் கொலராடோவின் மாரிசனில் ஆர்தர் லேக்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் பெரிய எலும்புகளைக் கண்டு மார்ஷுக்கு எழுதினார். பதில் வராததால் கோப்புக்கும் கொஞ்சம் அனுப்பினார். செய்தி தெரிந்ததும் மார்ஷ் 100 டாலர் அனுப்பி வாயை மூடிக்கொள்ளச் சொன்னார். கோப் கைக்குப் போன எலும்புகளும் மார்ஷுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அதே வருடம் வயோமிங்கில் கோமோ ப்ளஃப் என்ற மேட்டின் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த ரீட், கார்லின் என்ற இருவர், ஹார்லோ, எட்வர்ட்ஸ் என்று பொய்ப்பெயரில் மார்ஷுக்குக் கடிதம் போட்டார்கள். மார்ஷ் அந்தப் பெயர்களுக்கே காசோலை அனுப்பிவிட்டார். பாவம், மாற்ற முடியாமல் விழித்தார்கள்.

இந்தச் சண்டையில் மறக்கப்படும் ஆள் லீடிதான். முன்பெல்லாம் நாடெங்கும் இருந்து எலும்புகள் அவருக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தன. மார்ஷும் கோப்பும் விலை கொடுக்க ஆரம்பித்ததும் வரத்து நின்றது. சம்பளத்தை நம்பி வாழ்ந்த அவர் மெதுவாக ஒதுங்கிக்கொண்டு, நுண்ணோக்கி வேலைக்குத் திரும்பினார். கோமோ ப்ளஃபில் வேலை முடிந்த குழியில் மிச்சமிருந்த எலும்பை எதிராளி எடுத்துவிடக் கூடாதென்று மார்ஷ் ஆட்கள் உடைத்ததாகவும் பதிவு உண்டு. இங்கிலாந்துக் குவாரிக்காரன் தெரியாமல் உடைத்தான். இவர்கள் தெரிந்தே உடைத்தார்கள்.

தொழில்நுட்பமும் இந்த அவசரத்தில்தான் வளர்ந்தது. 1876-ல் கோப், எலும்பு சேகரிப்பாளர் சார்ல்ஸ் ஸ்டெர்ன்பெர்க் முதலியோருடன் மான்டனாவுக்குப் போனார். சில வாரம் முன்புதான் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள் அழித்திருந்தார்கள். போகாதே என்று எல்லோரும் தடுத்தார்கள். அங்கே எலும்புகள் தொட்டால் உதிரும் பதத்தில் இருந்தன. கையில் இருந்த அரிசியைக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சிப் பசையில் மாவுச்சாக்குத் துணியைத் தோய்த்து, எலும்பின் மேல் கட்டுப் போட்டார்கள். எலும்பு முறிந்தவனுக்கு மாவுக்கட்டுப் போடுவது போலத்தான். காய்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொண்டது. அரிசியின் இடத்துக்குப் பிறகு பிளாஸ்டர் வந்தது. இன்றும் அந்த முறைதான்.

ஸ்டெகோசாரஸ், அலோசாரஸ், டிப்ளோடோகஸ், ட்ரைசெரடாப்ஸ் என்று இன்று குழந்தைகளுக்குத் தெரிந்த பெயர்களில் பாதி மார்ஷ் வைத்தவை. மார்ஷ் சுமார் 80, கோப் 56 டைனோசர் இனங்களுக்குப் பெயரிட்டார்கள். போட்டியில் ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் வைத்ததால் பெரும்பாலானவை நிற்கவில்லை. 1890-ல் சண்டை நியூயார்க் ஹெரால்டு நாளிதழின் பக்கங்களுக்கு வந்து நாறியது. கோப் சொத்தெல்லாம் கரைந்து, சேர்த்த எலும்புகளை விற்று, 1897-ல் இறந்தார். மார்ஷ் இரண்டு வருடம் கழித்து.

"இந்தியாவில் எப்போது?" என்று அடுத்த கேள்வி வரும். நினைப்பதைவிட முன்னாலேயே. மெகலோசாரஸுக்குப் பெயர் வைத்து நாலே வருடத்தில், 1828-ல், தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரர்களை ஒடுக்கியவர் என்று பேர்பெற்ற வில்லியம் ஸ்லீமன் ஜபல்பூரின் படா சிம்லா குன்றில் எலும்புகளைக் கண்டார். டைனோசர் என்ற குழுவே அப்போது கிடையாது. எலும்புகள் ஸ்பில்ஸ்பரி என்ற டாக்டர் வழியாகக் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்பிடம் போயின. அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தாரே, அவரேதான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1877-ல், வால் முள்ளெலும்புகளை வைத்து ரிச்சர்ட் லைடெக்கர் டைட்டானோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். ஒரு முள்ளெலும்பு பல பத்தாண்டுகள் காணாமல் போய், 2012-ல் கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே மறுபடி கிடைத்தது.

தமிழ்நாட்டில் அரியலூர் பக்கம். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் அங்கே சங்கு, சுருள் கற்களைச் சேகரித்தார்கள். 1862-ல் ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சி, தென்னாற்காடு பாறைகளை விவரித்து எழுதினார். கல்லமேடு என்ற இடத்தின் மணற்கல்லில் சார்ல்ஸ் மேட்லி டைனோசர் எலும்புகளைத் தேடி 1929-ல் அறிக்கை வெளியிட்டார். அதே இடத்திலிருந்து 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அறிவித்த ப்ருஹத்காயோசாரஸ்தான் உலகிலேயே பெரியது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த எலும்புகள் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்துபோய்விட்டன. படங்களையும் அளவுகளையும் வைத்து மட்டும் உலகச் சாதனை என்று அடித்துச் சொல்வதற்கு நான் தயாரில்லை. அரியலூருக்குப் போனால் வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கடல் உயிரிகள்தான் இருக்கும். சிமெண்டுக்கு வெட்டும் அந்தச் சுண்ணாம்புக்கல் லைம் ரீஜிஸ் போலவே பழைய கடலடி.